தோல் சாயம் பூசிய எட்டு வயலின்கள்

மேடையில் வீற்றிருக்கும் இசைக்கருவி செய்வோர் சங்கத்தின் தலைவர் அவர்களே, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கவலையோடு நிற்கும் செயலாளர் தம்பி அவர்களே, ஒரு காலத்தில் எங்களை நடுங்க வைத்து, இன்று எங்களோடு கண் கலங்கி அமர்ந்திருக்கும் பள்ளிக்கூடத்து இசை டீச்சர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் என் அண்ணி அவர்களே, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அவர் மகள், என் மருமகளே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் தொழிலாளத் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் கையில் தாள் நிறைய இருக்கிறதே என்று யாரும் பயப்பட வேண்டாம். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். என் எழுத்து பெரிது, பேச்சு சின்னது.

யாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்? இந்தச் சங்கம் "நரம்பிசைச் சிற்பி" என்று பட்டம் கொடுத்த பெருமகனாரைப் பற்றி! பட்டம் வாங்கி வந்த அன்று அவர் என்ன சொன்னார் தெரியுமா? "சிற்பின்னா கல்லை உடைக்கணும், தங்கச்சி. நான் சுரண்டத்தானே செய்யறேன்?" என்றார். மற்றவர்கள் பேனா வைக்கும் சட்டைப்பையில் அவர் ஒரு மெல்லிய எஃகுத் தகடு வைத்திருப்பார். மரத்தைச் சுரண்டும் தகடு. அதனால் தெருவே அவரைச் "சுரண்டி" என்று கூப்பிட்டது. எழுபத்து நான்கு வயது வரைக்கும் ஒரு மனிதரையும் சுரண்டாத சுரண்டி!

அவர் எனக்கு உடன்பிறந்த அண்ணன் இல்லை. இருபத்தெட்டு ஆண்டு ஒரே அறையில், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் வேலை செய்ததில் அண்ணன் ஆனவர். அவர் வயலின் செய்தார். நான் அதற்கு நிறம் கொடுத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் அதைச் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மேடைப் படியில் கால் வைக்கும்போது செயலாளர் தம்பி என் காதில் சொன்னார்: "அம்மா, அஞ்சு நிமிஷம். பொதுவா நாலு நல்ல வார்த்தை பேசுங்க. அந்தத் தோல் சாய விஷயம் மட்டும் வேண்டாம்மா. வெளியிலேர்ந்து வாங்கறவங்க வந்திருக்காங்க. ஐயா விட்டுட்டுப் போன அந்த ஏழு வயலினும் நல்லபடியா போகணும் இல்ல?"

தம்பி நல்ல பிள்ளை. என் அண்ணியும் மருமகளும் சிரமப்படக் கூடாது என்றுதான் சொன்னார். நானும் "சரி தம்பி" என்று தலையை ஆட்டினேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய மூன்று பேர் அண்ணனைப் பற்றி என்ன சொன்னார்கள்? "பழைய வார்னிஷ் முறையை விட்டு இம்மியும் நகராதவர்" என்றார் ஒருவர். "அவருடைய நிறத்தின் ரகசியம் அவரோடு போய்விட்டது" என்றார் இன்னொருவர். கேட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பேன்? ரகசியமா? என்ன ரகசியம்? இருபத்தெட்டு ஆண்டும் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி விற்றாரே, அதற்குப் பெயரா ரகசியம்?

ஆகவே சொல்லிவிடுகிறேன். அது தோல் சாயம்! செருப்புக்கும் பைக்கும் இடுப்பு வாருக்கும் பூசுகிறோமே, அதே சாயம்! தம்பி, மன்னிக்கணும். தலையை ஆட்டினேனே தவிர, வாக்குக் கொடுக்கவில்லை.

அது எப்படி வந்தது என்று கேளுங்கள். அண்ணன் கடைக்கு எதிரே ஒரு ஷூ தைக்கும் பட்டறை இருந்தது. அங்கே சாயம் பூசும் மேஜை என்னுடையது. பாதம் மாதிரிச் செதுக்கிய மரக்கட்டையில் ஷூவை மாட்டி, துணியால் தொட்டுத் தொட்டுப் பூசுவேன். ஒரு நாள் அண்ணன் தன் கருவிப் பையின் வார் அறுந்துவிட்டது என்று தைக்கக் கொண்டுவந்தார். பையை மேஜையில் வைத்தார். அதோடு பையை மறந்தார். என் மரக்கட்டையைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு யாரும்மா வார்னிஷ் அடிச்சது?"

"வார்னிஷா? பதினோரு வருஷமா சாயம் சிந்திச் சிந்தி ஆன கட்டைங்க அது."

"சிந்தினதா! நான் முப்பது வருஷமா வேணும்னே பூசியும் இப்படி வரலையே!"

கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். பட்டறை முதலாளி பின்னாலேயே ஓடினார்: "யோவ்! எடது காலைத் தூக்கிட்டுப் போறியே, வலது காலை வெச்சு நான் என்ன பண்றது?" தெருவே நின்று சிரித்தது. ஒரு வாரம் கழித்துத்தான் அந்த இடது கால் திரும்பி வந்தது.

என்ன கண்டார் அந்தக் கட்டையில்? அதுவரை அவர் வார்னிஷிலேயே நிறத்தைக் கலந்து பூசிக்கொண்டிருந்தார். அது மரத்தின் மேலே உட்காரும். கெட்டியாகப் பூசினால் மரத்தின் வரிகளை மூடிவிடும், லேசாகப் பூசினால் திட்டுத் திட்டாகத் தெரியும். தோல் சாயம் அப்படியல்ல. ஸ்பிரிட்டில் கரைந்த சாயம். மேலே உட்காராது, உள்ளே இறங்கும். மரத்தின் ஒவ்வொரு வரியும் கண்ணாடி போட்டுப் பார்த்த மாதிரித் தெரியும். மேலே வெறும் வார்னிஷ் பூசினால் போதும்.

சில மாதங்களில் அந்த ஷூ பட்டறை மூடப்பட்டது. சாய மேஜையைத் துடைத்துவிட்டு நான் வாசலில் நின்றேன். எதிர்க் கடையிலிருந்து குரல் வந்தது. "எனக்குச் சாயம் தெரியாது. உங்களுக்கு மரம் தெரியாது. ஆளுக்குப் பாதி முட்டாள். சேர்ந்தா ஒரு மாதிரி சமாளிக்கலாம். வர்றீங்களா, தங்கச்சி?"

போனேன். மூன்று மாதம் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம் என்று பேச்சு. வீட்டில் படிக்கிற வயதில் ஒரு மகள். வேறு வேலை எதுவும் எனக்குத் தெரியாது. அந்த மூன்று மாதத்தில் தப்பு நடக்கக் கூடாது. அது ஒன்றுதான் என் மனதில்.

இந்தத் தொழில்காரர்கள் அண்ணனைச் சும்மா விட்டார்களா? இங்கே உட்கார்ந்திருக்கும் சிலரே அன்றைக்குக் கேட்டீர்கள். பெயர் சொல்ல மாட்டேன், சிரிக்கிற முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது! "என்னப்பா, வயலினை லேஸ் கட்டி விக்கிறியாமே?" என்றீர்கள். அண்ணன் கோபித்தாரா? "ஆமாம்பா. கட்டி விட்டா அதுவே நடந்து கச்சேரிக்குப் போயிடுது. தூக்கற கூலி மிச்சம்" என்றார்.

வாங்க வருகிறவரிடம் அவரே முதலில் சொல்வார்: "இது தோலுக்குப் போடற சாயம். மரத்துக்குன்னு செஞ்சது இல்ல. ரொம்ப நாள் வெயில்ல வெச்சா சிவப்பு கொஞ்சம் வெளுக்கும். சம்மதம்னா எடுங்க." அதைக் கேட்டு எத்தனையோ பேர் வயலினை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "ஏண்ணே, அவங்க கேக்கவே இல்லையே" என்பேன். "கேக்கத் தெரியாதவங்ககிட்டதான் சொல்லணும்" என்பார்.

அப்போதுதான் அந்த எட்டு வயலின்கள் வந்தன. பள்ளிக்கூடத்தில் புது அரங்கம் திறக்கிறார்கள். எட்டுக் குழந்தைகள் சேர்ந்து வாசிக்க வேண்டும். எட்டும் ஒரே நிறத்தில், திறப்பு விழா நடக்கும் சனிக்கிழமைக்குள் வேண்டும் என்றார் இசை டீச்சர். அந்தக் கடைக்கு அவ்வளவு பெரிய வேலை அதற்கு முன் வந்ததில்லை. அண்ணன் ஏற்கெனவே செய்து வைத்திருந்தவற்றையும் சேர்த்து, சில வாரத்தில் மர வேலையை முடித்து எட்டையும் என்னிடம் ஒப்படைத்தார். அதற்கு முந்தைய திங்கட்கிழமை எட்டுக்கும் கருஞ்சிவப்புச் சாயம் பூசி முடித்தேன். அழகாக வந்தது. அண்ணன் வயலினுக்குத் தந்திக் கம்பி வாங்க வெளியே போனார்.

நான் எட்டையும் பார்த்தேன். சாயம் காய்ந்து, பளபளப்பே இல்லாமல், வறண்டு கிடந்தன. தோல் வேலை தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? சாயம் காய்ந்த தோலை என்ன செய்வோம்? எண்ணெய் தேய்ப்போம். தேய்க்காவிட்டால் தோல் வெடித்துவிடும். பதினோரு வருடம் செய்த கை, யாரைக் கேட்கும்? பையிலிருந்து தோல் எண்ணெயை எடுத்தேன். துணியில் ஊற்றினேன். தேய்த்தேன். ஒன்றில் தேய்த்துப் பார்த்து நிறுத்தினேனா? இல்லை! எட்டையும் தேய்த்தேன்! எட்டும் மின்னின. அண்ணன் வந்து பாராட்டுவார் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அண்ணன் வந்தார். "அட!" என்றார். வார்னிஷில் தூரிகையை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தார். வார்னிஷ் படியவில்லை. முத்து முத்தாகச் சுருண்டு ஓடியது. இன்னொரு வயலினில் இழுத்தார். அங்கேயும் முத்து. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன தேய்ச்சீங்க, தங்கச்சி?"

"எண்ணெய்ண்ணே. வறண்டு இருந்துச்சு."

"எட்டுக்குமா?"

"எட்டுக்கும்."

"ஒண்ணே ஒண்ணையாவது விட்டிருக்கக் கூடாதா? ஒப்பிட்டுப் பாக்கவாவது ஆகியிருக்குமே!"

நான் சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"இனிமே எனக்கு இங்க என்னண்ணே வேலை?"

"என்ன வேலையா? தேய்ச்சவங்கதான் எடுக்கணும். டப்பாவை உள்ள வைங்க."

நண்பர்களே, அன்றைக்கு மாலை வயலின் செய்யும் இன்னொருவர் எட்டிப் பார்த்தார். அவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் சொன்ன யோசனை இதுதான்: "கெட்டி பெயிண்டை அடிச்சு மூடிடு. எண்ணெய் மேலயும் புடிக்கும். ஆறு மாசம் தாங்கும். அப்புறம் உரிஞ்சா, பசங்க கீறிட்டாங்கன்னு சொல்லிக்கலாம்." என் மனம் என்ன நினைத்தது? உண்மையைச் சொல்கிறேன். செய்துவிடுங்கள் அண்ணே என்றுதான் நினைத்தது! என் வேலை போகாமல் இருக்க வேண்டுமே!

அண்ணன் எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்தார். என் முன்னாலேயே பேசினார். "டீச்சர், ஒரு தப்பு நடந்துபோச்சு. சாயத்துக்கு மேல எண்ணெய் ஏறிடுச்சு, வார்னிஷ் நிக்கல. மரத்தைப் பத்தி எங்க தங்கச்சிக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கணும், குடுக்கல. தப்பு என் பேர்லதான். சனிக்கிழமைக்கு எட்டும் வராது. நேர்ல வந்து பாருங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க."

தப்பு செய்தது நான். எட்டு முறை செய்தது நான். பெயர் கெடப்போவது அவருக்கு. அப்படியிருந்தும் அதைத் தன் பேரில் எழுதிக்கொள்ள அந்த மனிதருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லையே! அதற்கு நான் எந்த வார்த்தையில் நன்றி சொல்வேன்?

மறுநாள் காலையிலிருந்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க எண்ணெயும் வந்தது, நிறமும் சேர்ந்தே வந்தது. முன்பலகை மென்மையான மரம். அது சாயத்தை அதிகம் குடிக்காமலிருக்க அண்ணன் முன்னாலேயே மெல்லிசாக ஒரு வார்னிஷ் கொடுத்திருந்தார், அதனால் தப்பித்தது. பின்பலகையில் எண்ணெய் ஆழமாக இறங்கிவிட்டது. அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதிகம் சுரண்டினால் பலகை மெலியும், குரல் கெடும். சட்டைப்பையிலிருந்த தகட்டை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சுரண்டினார். நான் துடைத்தேன். அவர் சுரண்டினார். நான் துடைத்தேன்.

புதன்கிழமை மதியம் ஒரு பின்பலகையை ஜன்னலுக்குக் காட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, இங்க வாங்க."

அந்தப் பின்பலகை அலை அலையாக வரி ஓடும் மரம். மற்ற இடத்தில் சாயம் போய்விட்டது. அலை வரிகளுக்குள் இறங்கிய சாயம் மட்டும் போகாமல் நின்றது. பலகையைச் சாய்த்தால் வரிகள் அசைந்தன, ஆழமில்லாத தண்ணீருக்கு அடியில் வெளிச்சம் அசைகிற மாதிரி.

"இதை மறுபடியும் பண்ண முடியுமா?" என்றார்.

"எதைண்ணே, எண்ணெய் தேய்க்கறதையா?"

"அம்மா தாயே, எண்ணெயை மறந்துடுங்க! கருஞ்சாயத்தைப் போட்டுச் சுரண்டிட்டு, மேல தேன் நிறத்துல சாயம். முடியுமா?"

முடிந்தது. தேன் நிறத்தைக் கரைத்துப் பூசினேன். காய்ந்தது. இந்த முறை என் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்! அண்ணன் வார்னிஷைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தார். வார்னிஷ் நின்றது! சுருளாமல், ஓடாமல், கண்ணாடி மாதிரி நின்றது!

மறுநாள் அது காய்ந்து முடித்த நேரத்தில் டீச்சர் உள்ளே வந்தார். டீச்சர், நான் கூட்டிச் சொன்னால் இங்கேயே மறுத்துவிடுங்கள். நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "சனிக்கிழமைக்கு எத்தனை?" என்றீர்கள்.

"அஞ்சு, டீச்சர்."

"எட்டுப் பிள்ளைங்க இருக்காங்க."

"தெரியும் டீச்சர்."

"தோல் சாயம்ங்கறீங்க, எண்ணெய்ங்கறீங்க. இதையெல்லாம் ஏன் எங்கிட்ட சொல்றீங்க? மூடி மறைச்சுக் குடுத்திருந்தா எனக்குத் தெரியவா போகுது?"

"தெரியாதுதான். ஆனா பிள்ளைங்க தாடைக்குக் கீழ வெச்சு வாசிக்கறது. தாடையில என்ன படுதுன்னு டீச்சருக்குத் தெரியணும் இல்லீங்களா?"

நீங்கள் அந்த வயலினை வாங்கி, ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, தாடை படும் இடத்தில் அழுத்தித் தேய்த்தீர்கள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. "அஞ்சு குடுங்க. பாதிப் பாட்டுல ஆளை மாத்திக்கறோம். மூணு அடுத்த வாரம் வரட்டும்" என்றீர்கள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "இதே நிறம்தான் மூணுக்கும் வரணும்" என்றீர்கள். அந்தக் கடைசி வார்த்தைக்கு நான் இன்று வரைக்கும் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

டீச்சர் போன பிறகு அண்ணனிடம் கேட்டேன்: "மூணு மாசத்துல இன்னும் பத்து நாள் பாக்கி இருக்குண்ணே. அதுக்கு மேல நான் வரலாமா?"

"எந்த மூணு மாசம்?" என்றார். நிஜமாகவே மறந்துவிட்டிருந்தார்!

அந்த நிறத்துக்குத்தான் அண்ணனுக்குப் பட்டம் வந்தது. அந்த நிறத்தைத்தான் ரகசியம் என்கிறீர்கள். அந்த எட்டில் ஒன்றை இன்றைக்கு அதே பள்ளிக்கூடத்தில் என் பேத்தி வாசிக்கிறாள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்! முதல் வரிசையில் உட்கார்ந்து வாசிக்கிறாள்!

இனி அந்த ஏழு வயலின்களுக்கு வருகிறேன். அண்ணன் மர வேலையை முடித்து, நிறம் பூசாமல் விட்டுப்போன ஏழு. செயலாளர் தம்பி மட்டுமல்ல, பலரும் என் மருமகளிடம் சொல்லிவிட்டார்கள்: "வார்னிஷ் மட்டும் அடிச்சு, பழைய முறைன்னு சொல்லிக் குடுத்துடும்மா." அவள் என்னிடம் வந்து, "அத்தை, எல்லாரும் இப்படிச் சொல்றாங்களே, என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள். நான் ஒரு வயலினை எடுத்து, அதன் துளை வழியாக விளக்கைக் காட்டி, "உள்ள என்ன ஒட்டியிருக்குன்னு படி" என்றேன்.

செய்தவர் பெயரை ஒரு சீட்டில் எழுதி வயலினுக்குள்ளே ஒட்டுவது இந்தத் தொழிலின் வழக்கம். பல வருடம் அதை நான் கவனித்ததே இல்லை. ஒரு முறை விரிசல் விட்டு வந்த பழைய வயலின் ஒன்றை அண்ணன் திறந்து வைத்திருந்தார். துடைக்கப் போனவள் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "மரம்: சுரண்டி. நிறம்: தோல் சாயம். பூசியது: தங்கச்சி."

"என்னண்ணே இது? எனக்குச் சொல்லவே இல்லையே!" என்றேன்.

"வெளிய கண்ணுக்குத் தெரியற இடமெல்லாம் நீங்க பூசிட்டீங்க. உள்ளதான் கொஞ்சம் இடம் இருந்துச்சு. அங்க நான் எழுதிக்கிட்டேன்" என்றார்.

சபையோரே! அந்த ஏழுக்குள்ளேயும் அதே சீட்டு இருக்கிறது. முன்பலகையை வைத்து மூடுவதற்கு முன்னாலேயே தன் கையால் எழுதி ஒட்டி மூடியிருக்கிறார். பொய் சொல்லி விற்க வேண்டுமென்றால் ஏழு வயலினையும் உடைத்துத் திறக்க வேண்டும். யார் உடைப்பது? நான் உடைப்பேனா? என் அண்ணி உடைப்பாரா? அவர் உழைப்பைப் புகழ இத்தனை பேர் கூடியிருக்கிறீர்களே, உங்களில் யார் உடைப்பீர்கள்?

அதனால் இந்த மேடையிலேயே, அண்ணியின் சம்மதத்தோடும் மருமகளின் சம்மதத்தோடும் சொல்கிறேன். கடை மூடப்படாது. மருமகள் தன் அப்பாவின் தகட்டை எடுக்கிறாள். எங்கள் கடையில் வயலின் வில்லுக்குக் குதிரை முடி கட்டும் பெரியவர் எங்களோடு இருக்கிறார். ஏழுக்கும் கருஞ்சாயம் போட்டு, சுரண்டி, தேன் நிறம் பூசுவோம். வாங்க வருகிறவர் கேட்டாலும் சொல்வோம், கேட்காவிட்டாலும் சொல்வோம். சம்மதம் உள்ளவர் எடுக்கட்டும். இல்லாதவர் மேஜையில் வைத்துவிட்டுப் போகட்டும், அவரையும் வணங்கி வழியனுப்புவோம். இது உறுதி!

கடைசியாக ஒன்று. மருத்துவமனையில் ஒன்பதாவது நாள். பேச மூச்சு போதவில்லை அவருக்கு. என்னைப் பார்த்ததும் கேட்டார்: "ஏழும் எப்படி இருக்கு?"

"தூசி படாம துணி போட்டு மூடி வெச்சிருக்கேண்ணே."

"துணியை எடுங்க, தங்கச்சி. ஜன்னல்ல தொங்க விடுங்க. முதல்ல வெயில் பூசட்டும். அப்புறம் நீங்க பூசுங்க."

வெறும் மரம் வெயில் பட்டால் மெல்ல மெல்லப் பொன்னிறம் ஏறும். அதற்கு மேல் சாயம் போட்டால்தான் நிறம் நிற்கும். போகிற நேரத்திலும் வேலையின் வரிசையைத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணே, உங்களுக்கு நன்றி. என் தப்பைத் தாங்கிக்கொண்டதற்கு நன்றி. என் சாயத்துக்கு வெட்கப்படாததற்கு நன்றி. துணியை அன்றைக்கே எடுத்துவிட்டேன். ஏழும் ஜன்னலில் தொங்குகின்றன. இன்று காலை கையில் எடுத்துப் பார்த்தேன், வெயில் தன் பங்கை முடித்துவிட்டது. திங்கட்கிழமை என் பங்கைத் தொடங்குகிறேன்.